என் பெயர் கொழும்புக்குப் போனது

1951-ஆம் வருஷம் ஆவணி மாதம் ஒரு வியாழக்கிழமை, திருவனந்தபுரம் தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து பகவதியம்மாள் கொழும்புக்குப் புறப்பட்டாள். பகவதியம்மாள் என்பது என் பெயர். பள்ளிக்கூட சர்ட்டிபிகேட்டில் அதுதான், இன்றைக்கு என் பென்ஷன் புத்தகத்திலும் அதுதான். ஆனால் அன்றைக்கு நான் பிளாட்பாரத்தில் நின்று கை காட்டிக்கொண்டிருந்தேன். பெயர் மட்டும் ரயிலேறிப் போயிற்று, ஜன்னலோரமாக, மடியில் ஏத்தங்காய் வறுத்த உப்பேரி டின்னை வைத்துக்கொண்டு.

எனக்குக் கல்யாணம் ஆனது அதற்கு இரண்டு வருஷம் முந்தி. மாப்பிள்ளை தாணுலிங்கம், கொழும்பில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை. வீடு சாலைக் கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில். லீவு பத்தொன்பது நாள். அதில் கோயில் எட்டு நாள், விருந்து ஆறு நாள், விருந்தால் வந்த வயிற்றுக்கடுப்பு மூன்று நாள். மிச்சமிருந்த இரண்டு நாள் நாங்கள் புருஷன் பெண்டாட்டியாக இருந்தோம். அந்த இரண்டு நாளில் அவர் என்னிடம் பேசியதை எழுதினால் ஒரு தபால் கார்டு நிறையாது. ஆனால் பேசினதெல்லாம் கொழும்பைப் பற்றி. அங்கே வீட்டுக்குள்ளேயே தண்ணீர்க் குழாயாம். காலிமுகக் கடற்கரையில் பெண்டாட்டிகள் புருஷனோடு ஜோடியாகவே நடப்பார்களாம். ஆறு மாதத்தில் என்னைக் கூட்டிக்கொண்டு போவாராம். நான் அப்போதே மனசுக்குள் கடலைக் கடந்து, குழாயைத் திறந்து, குளித்து, ஈரத்தலையும் துவட்டிவிட்டேன்.

ஜாதகத்தில் பத்துக்குப் பத்துப் பொருத்தம். பொருந்தாதது ஒன்றே ஒன்று: மாமியார் பெயரும் பகவதியம்மாள். மாமியார் பெயரையே மருமகளும் வைத்திருந்தால் மகன் எப்படி வாய் திறந்து பெண்டாட்டியைக் கூப்பிடுவான்? அதற்கு எங்கள் பக்கத்தில் வழி உண்டு. வந்தவள் பெயரை மாற்றிக்கொள்வாள்.

"எளா, ஒரு வீட்டுல ரெண்டு பகவதி இருந்தா எந்தப் பகவதிக்குண்ணு வெளக்குக் கொளுத்த?" என்று மாமியார் எல்லாரையும் சிரிக்க வைத்துவிட்டு, என் கழுத்தில் ஒரு மெல்லிசுச் சங்கிலியைப் போட்டாள். "இண்ணு மொதல் நீ பொன்னம்மை. கேட்டியா மக்ளே?"

"அம்மைக்க பேரைச் சொல்லி ஒன்ன எப்பிடி விளிக்க?" என்று அவரும் தலையைச் சொறிந்தார். எனக்குச் சம்மதமாகத்தான் இருந்தது. சங்கிலியும் மெல்லிசானாலும் பொன்தானே. முந்தின வருஷம் செத்துப்போன அந்த வீட்டுப் பசுவின் பெயரும் பொன்னம்மை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

இன்னொன்றும் அன்றே தெரிந்தது. மாமியார் பெயரை மருமகள் சொல்லக் கூடாது. அதாவது, என் பெயரை இனி நான் சொல்லக் கூடாது. திருவனந்தபுரத்தில் இந்த விரதத்தைக் காப்பாற்றுவது லேசல்ல. நாலு தெருவுக்கு ஒரு பகவதி கோயில். கோயிலுக்குப் போக வேண்டுமென்றால், "அத்தை, அந்தச் சிவப்புப் பட்டு உடுத்த அம்மையப் பாத்திட்டு வாறேன்" என்பேன். மந்திரத்தில் அந்தப் பெயர் வரும் இடத்தில் இருமுவேன். என் இருமலைக் கேட்டு, பூசை பண்ணும் போற்றி ஒருநாள் பிரசாதத்தோடு சுக்குக் கஷாயமும் கொடுத்தார்.

மாமியாருக்கு எழுத்துத் தெரியாது. "எனக்கு அது எறும்பு வரிசையா போறதுபோலல்லா இருக்கு" என்பாள். கொழும்பிலிருந்து வரும் கடிதமெல்லாம் அவள் பெயருக்குத்தான் வரும். வந்தால் என்னைக் கூப்பிட்டு, "இந்த எறும்பெல்லாம் என்ன சொல்லுகுண்ணு பாரு மக்ளே" என்று நீட்டுவாள். நான் வாசிப்பேன். பதிலும் நான்தான் எழுதுவேன். அவர் தன் அம்மாவுக்கு எழுதும் கடிதத்தில் என்னைப் பற்றி 'மற்ற அனைவரும் நலமா' என்று கேட்பார். அந்த 'அனைவரும்' நான் ஒருத்திதான். அதை எழுபது தடவை வாசித்துப் பார்த்துப் பூரித்துப்போவேன்.

ஆறு மாதம் இரண்டு வருஷம் ஆயிற்று. ஒரு நாள் தடியாக ஒரு கவர் வந்தது.

'பெர்மிட் கிடைத்துவிட்டது. அதில் உள்ள பெயருக்கே பாஸ்போர்ட் எடுக்கவும். தாமதம் வேண்டாம். ஊருக்கு வந்திருக்கும் நம் கடைப் பையன் திரவியம் திரும்பும்போது கூட அழைத்து வருவான்.'

பெண்டாட்டியை அனுப்பு என்று தாய்க்கு எழுத எந்த மகனுக்குத்தான் கை வரும்? வெட்கப்பட்டு இப்படிச் சுற்றி வளைத்திருந்தார். பெர்மிட்டைப் பிரித்தேன். இங்கிலீஷில் இருந்தது. கொழும்பில் தாணுலிங்கத்தைச் சார்ந்தவர் ஒருவர் வரலாம், பெயர்... என் பெயர்! சர்ட்டிபிகேட்டில் இருந்த அதே பெயர். இரண்டு வருஷமாக யாரும் சொல்லாத, நானே சொல்லாத என் பெயரை இலங்கை சர்க்கார் டைப் அடித்து அனுப்பியிருந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துத் தலைமயிர் நட்டுக்கொண்டது. கொண்டையே அவிழ்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

"யாருக்குளா பெர்மிட்டு?" என்றாள் மாமியார்.

வாய் திறந்தேன். பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றது. சொல்லக் கூடாதே!

"அந்தப்... அந்தப் பேரு போட்டிருக்கு அத்தை."

"எந்தப் பேரு?"

"ஒங்க பேரு, அத்தை."

அவ்வளவுதான். இரண்டே வார்த்தையில் கொழும்பை அப்படியே தூக்கி அவள் கையில் கொடுத்துவிட்டேன்.

மாமியார் கவரைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள். "எம் மவன் என்னை மறக்கல்ல, பாத்தியா! பெத்த வயிறு குளுந்துது" என்று அவள் போட்ட சத்தத்தில் சாலைக் கடைத்தெருவில் தராசெல்லாம் ஆடி நின்றிருக்கும். பக்கத்து வீட்டு முத்தாரம்மாள் ஓடி வந்தாள், அவள் வழியாகச் சந்து முழுவதும் வந்தது. நான் காப்பி போட்டுக் கொடுத்தேன். முப்பத்தேழு டம்ளர்.

வாயைத் திறந்து சொல்லியிருக்கலாமே என்று பின்னாளில் ஸ்டாஃப் ரூமில் சின்ன டீச்சர்மார் கேட்பார்கள். அம்மா, அழுது சந்தோஷப்படுகிற கிழவியிடம், சந்து நிறைய ஜனம் நிற்கும்போது, 'உங்களை இல்லை, என்னைத்தான்' என்று சொல்லிப் பாருங்கள், தெரியும். அதுவும் பெயரைச் சொல்லாமல் சொல்ல வேண்டும்.

நான் வேறு வழி பார்த்தேன். முதல்முறையாக என் புருஷனுக்கு நானே ஒரு கடிதம் எழுதினேன். 'பெர்மிட் எனக்கா, அத்தைக்கா? ஒரு வரி எழுதுங்கள். உங்கள் ஒரு வரி வந்தால் போதும், எல்லாம் நேராகிவிடும்.' அதைக் கவரில் போட்டு ஒட்டி, மாமியாரின் தம்பி நெல்லையப்பன் சாப்பிட வந்தபோது கொடுத்தேன். குடும்பத்துக் கடையைப் பார்த்துக்கொள்பவர் அவர்தான், தபால் பெட்டியும் கடை வாசலில்தான். "சின்னையா, இதை இண்ணைக்கே போட்டிரணும்." "அதுக்கென்ன மக்ளே" என்று சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

பதில் வரவில்லை. போட்டோ எடுத்தாயிற்று, என் முகூர்த்தப் பட்டை மாமியார் உடுத்திக்கொண்டு. விண்ணப்பத்தை நெல்லையப்பன் பூர்த்தி பண்ணியாயிற்று. விசாரணைக்குப் போலீஸும் வந்தாயிற்று. கான்ஸ்டபிள் பெயர் ராஜையன், பாறசாலைக்காரர். அவர் மீசையில் இரண்டு பக்கமும் ஈரத்துணி காயப்போடலாம்.

"ஆராக்கும் இவிடெ பகவதியம்மாள்?"

சந்தே மாமியாரைக் காட்டியது. முத்தாரம்மாள் சூடம் ஏற்றாத குறை. "நாப்பது வருசமா இவ்வோதான் சார். வேறே ஒரு பகவதி இந்தத் தெருவுல கெடையாது."

கான்ஸ்டபிள் என் பக்கம் திரும்பினார். "ஈ கொச்சுக்குப் பேரு என்ன?"

இதுதான் இடம். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சர்க்கார் கேட்கிறது, பென்சில் காத்திருக்கிறது. நான் மாமியாரைப் பார்த்தேன். அவள் என்னையே பார்த்தாள், அவ்வளவு பிரியமாக. எனக்கு இருமல் வந்தது.

"பொன்னம்மை" என்றாள் முத்தாரம்மாள் எனக்காக. அவரும் எழுதிக்கொண்டார்.

அன்று முதல் தினமும் தபால்காரர் வேலப்பனுக்காக வாசலில் நிற்பேன். அந்த ஒரு வரி மட்டும் வரட்டும், திரவியம் புறப்படுவதற்கு முந்தின நாள் வந்தால்கூடப் போதும் என்று சிவப்புப் பட்டு உடுத்த எல்லா அம்மைகளுக்கும் நேர்ந்தேன். வந்தது பாஸ்போர்ட்டுதான்.

ஸ்டேஷனில் பதினாலு உருப்படி ஏற்றினோம். அரிசி வற்றல், நாரத்தங்காய், அம்மிக்கல் ஒன்று. தனுஷ்கோடியில் கப்பல் ஒரு முழம் தாழ்ந்திருக்கும். திரவியம் மூட்டைகளுக்கு நடுவில் மூச்சுவிட இடம் தேடிக்கொண்டிருந்தான். நெல்லையப்பன் வாழைக்குலையோடு ஓடி வந்தார்.

நான் ஜன்னல் பக்கத்தில் நின்று மனசைத் தேற்றிக்கொண்டிருந்தேன். பாவம், படிக்கத் தெரியாதவள், தெரியாமல் நடந்தது. அங்கே போய் இறங்கினதும் அவர் உண்மையைச் சொல்லுவார். ஒரு மாதத்தில் என்னைக் கூப்பிடுவார். குற்றம் யார் மேலும் இல்லை.

பச்சைக்கொடி ஆடியது. மாமியார் கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தடவினாள்.

"வெசனப்படாதே மக்ளே. 'எனக்கா அத்தைக்கா, ஒரு வரி எழுதுங்கோ'ண்ணு எழுதினியல்லா? அந்த ஒரு வரியை நானே நேருல போய் அவன்கிட்டச் சொல்லிக்கிடுகேன்."

ரயில் நகர்ந்தது.

எறும்புகளெல்லாம் அவளுக்கு நன்றாகவே பேசியிருக்கின்றன! இரண்டு வருஷம் நான் வாசித்துக் காட்டிய ஒவ்வொரு கடிதத்தையும் அவள் எனக்கு முந்தியே வாசித்திருக்கிறாள். பெர்மிட்டு இங்கிலீஷ், சரி. ஆனால் என் கடிதம் தமிழ். திரும்பி நெல்லையப்பனைப் பார்த்தேன். அவர் வாழைக்குலையை ஏற்ற மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு பழத்தை எண்ணிக்கொண்டிருந்தார்.

எனக்கு என்ன வந்ததோ, ரயிலோடு ஓடினேன். "பகவதியம்மாள்! ஏ பகவதியம்மாள்!" என்று கத்தினேன். இரண்டு வருஷமாக அடக்கி வைத்தது. என் சத்தத்தில் என்ஜின் விசில் கேட்கவில்லை. தம்பானூர் பிளாட்பாரத்தில் அன்றைக்கு இருபது பகவதிகளாவது இருந்திருப்பார்கள். அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள். நான் கூப்பிட்டவள் மட்டும் பார்க்கவில்லை.

"மாமியாரைப் பேருசொல்லி விளிக்கா பாரு!" என்றார் நெல்லையப்பன், மூச்சடைத்துப்போய்.

"என் பேரைத்தான் விளிச்சேன், சின்னையா. அங்கே போகுதுல்லா" என்றேன்.

ஆறாம் நாள் கடைக்குத் தந்தி வந்தது. 'அம்மா சுகமாக வந்து சேர்ந்தாள்.' அதைக் கொண்டுவந்த நெல்லையப்பனிடம் கேட்டேன், "வேறே ஒண்ணும் இல்லியா?"

"தந்தியில இதுக்கு மேல என்ன வரும்?"

இன்னும் இரண்டு வார்த்தை வந்திருக்கலாம். 'அவள் எங்கே' என்று. கப்பல்துறையில் என்னை எதிர்பார்த்து நின்றவர், இறங்கினது தாய் என்று கண்டதும் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குக் கூட்டிப்போயிருக்கிறார். தந்தியைத் திருப்பியும் பார்த்தேன். பின்பக்கம் காலி.

அன்று ராத்திரி நான் அழுத கண்ணீரில் சந்துக்கே வெள்ளம் என்று சொல்ல ஆசைதான். சொட்டு வரவில்லை. மறுநாள் பெட்டியிலிருந்து சர்ட்டிபிகேட்டை எடுத்துத் துடைத்து, டீச்சர் டிரெயினிங்குக்கு விண்ணப்பம் எழுதினேன். நானே நடந்துபோய்ப் பெரிய தபாலாபீசில் போட்டேன்.

இருபத்து மூன்றாம் நாள் வேலப்பன் சந்துக்குள் நுழையும்போதே சிரித்துக்கொண்டு வந்தார். "கொச்சம்மே, கொழும்பு! இண்ணைக்கு ஒங்க பேருக்கேயாக்கும்!"

என் புருஷன் கையெழுத்துதான். முதல்முறையாக எனக்கென்று ஒரு கவர். மேலே 'பொன்னம்மை' என்று எழுதியிருந்தது. தடியாகவும் இருந்தது. கெஞ்சியிருப்பாரோ, பொறுத்துக்கொள் என்றிருப்பாரோ, அங்கே தண்ணீர்க் குழாய் ரிப்பேர் என்று எழுதியிருப்பாரோ. பெர்மிட்டுக்கு மட்டும் அவருக்கு என் நிஜப்பெயர் நினைவிருந்தது.

"இந்தப் பேருல இங்கே ஆரும் இல்லையே" என்றேன்.

வேலப்பன் சந்தைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ரெண்டு வருசமா நான் காணுகேனே! பின்னே நீங்க ஆரு?"

"பகவதியம்மாள்."

"அவ்வோ கொழும்புக்குப் போயாச்சுல்லா?"

"போனது வேற ஆளு. இதைத் திருப்பி அனுப்பிடுங்கோ."

அவர் சுவரில் வைத்து, காதிலிருந்த பென்சிலை எடுத்து, கவரின் மேல் என்னவோ எழுதினார். பிறகு பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அப்பம் பகவதியம்மாளுக்கு இண்ணைக்குத் தபால் ஒண்ணும் இல்லே" என்றார்.

"நாளைக்குப் பாருங்கோ" என்றேன்.