ஒன்பதுக்கு இரண்டு நிமிடம்

அந்த ஊரில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி ஆவது, கடிகாரக்காரரின் தம்பி மாதா கோயிலுக்குள் வந்து உட்கார்ந்த பிறகுதான். அதுவரை கோபுரக் கடிகாரமும் வீட்டுக் கடிகாரங்களும் எட்டு ஐம்பத்தெட்டில் நிற்கும். நிழல்கள் நகராது. அடுப்பில் வைத்த பால் பொங்காமல் பொறுத்துக்கொள்ளும். தம்பி சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிறவன். குடிப்பான், குடித்ததற்காக அழுவான், இனி இல்லை என்று பாதிரியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டுச் செவ்வாய்க்கிழமைக்குள் மறுபடி குடிப்பான். ஞாயிறன்று வாசல் வரை வந்துவிட்டு, உள்ளே நுழைய வெட்கப்பட்டு, எதிரே சைக்கிள் கடைச் சுவரில் சாய்ந்து நிற்பான். எவ்வளவு நேரம் என்று சொல்வதற்கில்லை, அளக்க வழியில்லாததால். ஊர் அதை வசதியாகவே எடுத்துக்கொண்டது. அந்த இடைவெளியில் அறுந்த பொத்தான்களைத் தைத்தார்கள். சவரக்கடைக்காரர் கூடுதலாக இரண்டு பேருக்கு முகம் மழித்தார்.

பொறுக்காதவர் அண்ணன் ஒருவர்தான். இருபத்திரண்டு வருடமாகக் கோபுரக் கடிகாரத்துக்குச் சாவி கொடுத்து எண்ணெய் போடுகிறவர் அவர். எட்டு ஐம்பதுக்கு முதல் வரிசையில் முதுகு நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். தாமதம் என்பதே அவர் வாழ்வில் கிடையாது. பழுது என்று நினைத்து ஒருமுறை கோபுரத்தில் ஏறிக் கடிகாரத்தைப் பிரித்தார், சுருள்வில்லை மாற்றினார், பல்சக்கரங்களை மண்ணெண்ணெயில் கழுவினார். அடுத்த ஞாயிறும் அது எட்டு ஐம்பத்தெட்டில் நின்றது, முன்பைவிடச் சத்தமில்லாமல். பாதிரியாரிடம் முறையிட்டபோது, நின்றால் என்ன, ஓடுகிற கடிகாரம் எல்லா ஊரிலும்தான் இருக்கிறது என்றார் அவர். வீட்டில் வந்து கடிகாரக்காரர் மனைவியிடம் சொன்னார்: "சாவி கொடுக்கிறது நான். அது நிக்கிறது அவனுக்கு." அவள் அரிசியில் கல் பொறுக்கியபடி, "அதுக்கு இப்ப உங்களுக்கு எங்க வலிக்குது?" என்று கேட்டாள். வலித்த இடம் அவருக்குத் தெரியும்.

தமக்காகவும் நிற்குமா என்று சோதித்தும் பார்த்தார். தம்பி உள்ளே போய் உட்காரும்வரை மறைந்திருந்து, பிறகு அதே சைக்கிள் கடைச் சுவரில் தாமும் சாய்ந்து நின்றார். கடிகாரம் ஒரு நொடிகூடத் தயங்காமல் ஒன்பது அடித்தது. அவர் உள்ளே நுழைந்தபோது இருநூறு தலைகள் திரும்பின. அன்று முதல் அவருக்குத் தூக்கம் குறைந்தது.

இது இப்படியிருக்க, ஒரு வருடம் தம்பி ஏழு வாரம் குடிக்காமல் இருந்தான். கைக்குழந்தையோடு தாய் வீட்டுக்குப் போயிருந்த அவன் மனைவி, வருகிற ஞாயிறு நேரே கோயிலுக்கு வருவதாகவும், அவன் தெளிந்த கண்ணோடு இருந்தால் கூடவே வீட்டுக்கு வருவதாகவும், இல்லையென்றால் இனி வரவே போவதில்லை என்றும் சொல்லி அனுப்பினாள். ஊரே அவனைத் தட்டிக்கொடுத்தது. எட்டு வயதிலிருந்து ஒரு சொட்டுத் தவறு செய்யாத தமக்கு யார் தட்டிக்கொடுத்தார்கள் என்று கடிகாரக்காரர் யோசித்தார். சனிக்கிழமை மாலை, ஆறு வருடத்துக்குப் பிறகு, தம்பி வீட்டுப் படியேறினார். துண்டில் சுற்றிய பாட்டில் கையில் இருந்தது. தம்பிக்கு அண்ணன் வந்ததே பெரிதாக இருந்தது. நாற்காலியைச் சட்டையால் துடைத்துப் போட்டான்.

"நாளைக்கு நல்ல நாள்டா. அண்ணன் கையால கொஞ்சம் வாங்கிக்க."

"நீங்க கொடுத்து எப்படிண்ணே வேணாங்கிறது," என்றான் தம்பி.

ஞாயிறு எட்டு ஐம்பத்தெட்டில் நின்றது. தம்பி மனைவி குழந்தையோடு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். பாட்டுக்காரர்கள் புத்தகம் முழுவதையும் பாடி முடித்து மறுபடி முதல் பக்கத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் தூங்கி எழுந்து மீண்டும் தூங்கினார்கள். கடைசியில் சவரக்கடைக்காரர் போய், தம்பியின் தலையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். சட்டையை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டிருந்தான். மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்தான். எல்லோரும் மணியோசைக்காகக் காத்திருந்தார்கள்.

ஓசை வரவில்லை. தலைகளை எண்ணிப் பார்த்தார்கள், எல்லோரும் இருந்தார்கள். பாதிரியார் மட்டும், "யாரோ இன்னும் வரல," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். கடிகாரக்காரர் முதல் வரிசையில் நேராகப் பார்த்தபடி இருந்தார். அவர் தாடையில் தாடி முளைத்தது. இரண்டு நாள் வளர்த்தி என்று பிற்பாடு சவரக்கடைக்காரர் கணித்தார்.

பின்னாலிருந்து தம்பி மனைவியின் குரல் கேட்டது: "யாரு வாங்கிக் கொடுத்தா?"

"யாரும் கொடுக்கல. நானேதான்."

இந்தப் பொய்யைக்கூட இவன் நம்மைவிட நன்றாகச் சொல்கிறானே என்று கடிகாரக்காரருக்கு வயிறு எரிந்தது. எரிந்தபடியே எழுந்தார். முதல் வரிசையிலிருந்து கடைசி பெஞ்ச் வரை நடந்தார். அவ்வளவு தூரம் என்று அதுவரை அவருக்குத் தெரியாது.

"பாட்டில் நான் கொண்டுபோனது. அவன் நல்லா இருக்கிறது எனக்குப் பொறுக்கல."

தம்பி மனைவி குழந்தையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டு, புருஷனிடம், "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, அவருக்கு இடம் வேணும்," என்றாள். கடிகாரக்காரர் உட்கார்ந்தார். ஒன்பது அடித்தது.

அவள் அன்று புருஷன் வீட்டுக்குப் போனாள். பிறகு இரண்டு தடவை கோபித்துக்கொண்டு போய், இரண்டு தடவையும் திரும்பினாள். தம்பி அதிகம் குடிக்காத வருடங்களும் வந்தன. கடிகாரக்காரருக்குப் பொறாமை போய்விட்டதா என்றால், போகவில்லை. தம்பி நேரத்தோடு வந்து உட்கார்ந்திருக்கும் ஞாயிறுகளிலும் சில சமயம் மணி நின்றுவிடுகிறது. அப்போது யாரும் அண்ணன் பக்கம் திரும்புவதில்லை. இன்னொரு பாட்டு பாடுகிறார்கள். பேருந்து நிலையத்துப் பலகையில், ஞாயிறு காலை வண்டிக்கு எதிரே, "ஒன்பது ஆனதும் புறப்படும்" என்று எழுதி வைத்திருக்கிறார்கள்.