வைக்கோல் கொண்டாங்கடா

மூன்றாவது வெட்டில் வாய்க்கால் கரை பிளந்துகொண்டது. தண்ணீர் கோவிந்தராசுவின் வயலுக்குள் பாய்ந்தது. சிங்காரவேலு நாலாவது வெட்டுக்கு மண்வெட்டியை ஓங்கினான். அறுப்புக்கு ஐந்தே நாள் பாக்கியிருந்த சம்பாப் பயிர். சாய்ந்து ஊறட்டும், முளைத்துத் தொலையட்டும்!

வீட்டு வாசலில் தம்பி உத்திராபதியைக் கிடத்தியிருந்தார்கள். விடியலில்தான் சென்னையிலிருந்து ஆம்புலன்ஸ் வந்தது. அண்ணனும் தம்பியும் இருபது வருஷம் குத்தகைக்கு உழுத நிலம் இது. குத்தகைக்காரன் வியர்வைக்கு யார் பட்டா தருகிறார்கள்? போன வருஷம் கோவிந்தராசு அடியாள் வைத்து நிலத்தைவிட்டு இறக்கிவிட்டார். அதனால்தானே உத்திராபதி மெட்ரோ ரயிலுக்குப் பாதாள ஸ்டேஷன் தோண்டப் போனான்? அவனைக் கொன்றது இந்த ஆள்தான். சிங்காரவேலுக்கு அதில் சந்தேகமே இல்லை.

"டேய், விளைஞ்ச பயிருடா! பாவி, நிறுத்துடா!" கோவிந்தராசு வேட்டியை மடித்துக்கட்டியபடி ஓடிவந்தார்.

"வெளஞ்சதுன்னா வலிக்குதோ? என் தம்பியும் வெளஞ்சவந்தான்யா!"

மண்வெட்டி அவர் பக்கம் திரும்பியது. பட்டது பிடிதான், இரும்பு பட்டிருந்தால் அன்றைக்கு ஊரில் இரண்டு பாடை. நெற்றி பிளந்து அவர் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். சிங்காரவேலு மறுபடி ஓங்கினான். பின்னாலிருந்து ஒரு கை மண்வெட்டியைப் பற்றியது.

கூத்தாநல்லூர் இப்ராஹிம். உத்திராபதியோடு அதே குழியில் வேலை பார்த்தவன், உடலோடு வந்தவன்.

"விடு இப்ராஹிம். இவன்தான் அவனைக் கொன்னான்."

"அண்ணே, கேளுங்கண்ணே. மேல கடைத்தெரு, பஸ்ஸு ஓடுது. நாங்க அறுபது அடி கீழ. ஸ்டேஷன் சுவத்துல தண்ணி பீய்ச்சிடுச்சு. சைரன் அடிச்சு எல்லாரும் ஏணிக்கு ஓடுனோம். அவனுக்கும் நேரம் இருந்துச்சு. திரும்பிப் பாக்குறேன், ஓட்டையில முதுகைக் குடுத்துக்கிட்டு நிக்கிறான்."

சிங்காரவேலு மண்வெட்டியை இழுத்தான். இப்ராஹிம் பிடியை விடவில்லை.

"'ஓடியாடா'ன்னு கத்துறேன். 'வைக்கோல் கொண்டாங்கடா'ங்கிறான். அங்க வைக்கோலுக்கு எங்கண்ணே போறது? சுவரு அப்படியே வந்துடுச்சு."

கரை உடைந்தால் ஓடக்கூடாது. முதுகைக் கொடுத்து உட்கார், வைக்கோலும் மண்ணும் வரும்வரை நகராதே. பன்னிரண்டு வயதில் தம்பியைக் கழுத்தைப் பிடித்து உடைப்பில் உட்கார வைத்தது சிங்காரவேலுதான். பயந்து எழுந்து ஓடியதற்குக் கன்னம் வீங்க அறைந்ததும் அவன்தான். அதற்கப்புறம் உத்திராபதி எந்த உடைப்பிலிருந்தும் ஓடியதில்லை.

மண்வெட்டி கையைவிட்டு நழுவியது. உடைப்பு இதற்குள் ஓர் ஆள் அகலத்துக்கு விரிந்திருந்தது. சிங்காரவேலு அதில் இறங்கினான். தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, இரண்டு பக்கமும் கரையைப் பற்றிக்கொண்டு உட்கார்ந்தான். தண்ணீர் பிடரியில் அறைந்தது. தொண்டை கிழியக் கத்தினான்.

"வைக்கோல் கொண்டாங்கடா!"

இப்ராஹிம் மண்டியிட்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளினான். கோவிந்தராசு எழுந்து சிங்காரவேலு வீட்டுப் பக்கம் ஓடினார். உத்திராபதியின் சிதைக்கென்று வாசலில் போட்டிருந்த வைக்கோல் கட்டு ஒன்றைத் தோளில் தூக்கிக்கொண்டு, மறு கையால் நெற்றியை அழுத்தியபடி, வரப்பில் தடுமாறி வந்துகொண்டிருந்தார்.