அந்தோணியின் இடது கை

...விட்டால் என்ன ஆகும், இந்த மணிக்கட்டிலிருந்து என் கட்டைவிரலைக் கொஞ்சம் எடுத்தால் போதும், மற்றதை ரத்தமே பார்த்துக்கொள்ளும், யார் கேட்கப்போகிறார்கள், ரோலிங் மில்லில் சூட்டுக் கம்பி எகிறி கையைக் கிழித்தது, நர்ஸ் அழுத்திப் பிடித்துத்தான் பார்த்தாள், ரயில்வே கேட்டில் ஆம்புலன்ஸ் மாட்டிக்கொண்டது என்பார்கள், அவ்வளவுதானே... கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இது புதுசா. இந்த முதலுதவி அறையில் எத்தனை கை பார்த்தாயிற்று, விரல் போனது, தோல் உரிந்தது, வெந்தது, ஒன்றுகூட என்னை நடுங்க வைத்ததில்லை. இன்றைக்கு ரெண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்து இவனைக் கட்டிலில் போட்டு, பேரு சின்னராசு சிஸ்டர், புதுசா கான்ட்ராக்ட்ல வந்தவரு, என்று சொல்லிவிட்டு ஆம்புலன்ஸை உள்ளே விடச் சொல்ல மெயின் கேட்டுக்கு ஓடினார்கள், அந்தப் பேரைக் கேட்டதும் குனிந்து முகத்தைப் பார்த்தேன். தாடி நரைத்திருக்கிறது, புருவத்துக்கு மேல் தழும்பு அப்படியே இருக்கிறது. என் தம்பி அந்தோணியை ஒரு கல்யாண மேடையில் பந்தல் பைப்பால் அடித்தவன். இவனுடைய இடது கை இப்போது என் கையில், ரெண்டு விரல் தோலில் தொங்குகிறது, இவனை உயிரோடு வைத்திருப்பது நான், ஹெலன், அந்தோணியின் அக்கா.

அந்தோணிக்கும் போனது இடது கைதான்... கிடாரின் கழுத்தைப் பிடிக்கிற கை, விரல் நுனியெல்லாம் காய்த்துப்போய், சோறு பிசையும்போது தட்டில் உரசினால் சத்தம் கேட்கும். என்ன கண்டான் அந்தக் கிடாரால், கவரைப்பேட்டை சர்ச்சில் ஒரு நாள் எலக்ட்ரிக் கிடாரை வைத்துக்கொண்டு உறுமவிட்டான், ஆராதனை முடியுமுன்னே பாஸ்டர் ஒயரைப் பிடுங்கினார், அப்பா வீட்டுக்கு வந்து அதே ஒயரால் அவன் முதுகைக் கிழித்தார், லோடு இறக்கி இறக்கி இரும்பாய்ப் போன கை அவருக்கு, ஒவ்வொரு அடிக்கும் சாத்தான் சத்தம் சாத்தான் சத்தம் என்றார், இவன் அழவில்லை, சட்டையைப் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டான். அப்புறம் கல்யாண ஆர்கெஸ்ட்ரா, சினிமாப் பாட்டு, மேடை ஓரத்தில் ஸ்பீக்கருக்குப் பின்னால் மூணாவது ஆள், பாடகன் பேரைச் சொல்வார்கள், கீபோர்டுக்காரன் பேரைச் சொல்வார்கள், இவனை ஒருவரும் சொல்ல மாட்டார்கள். பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளியில் தன்னுடைய சொந்த மெட்டை வாசிப்பான். காக்களூரில் பிளாஸ்டிக் மூடி போடுகிற கம்பெனியில் மெஷின் ஓட்டினானே, அந்த மெஷின் அடிக்கிற அடியிலிருந்து எடுத்தானாம் அந்த மெட்டை, முரட்டு மெட்டு, கேட்டால் யாரையாவது தள்ளவேண்டும்போல இருக்கும். இன்றைக்குத் திருவள்ளூர் பக்கம் எந்த மண்டபத்துக்குப் போனாலும் மாப்பிள்ளை உள்ளே வரும்போது அதைத்தான் அடிக்கிறார்கள், மெட்ராஸ் செட்டு வந்தாலும் அதுதான், யார் போட்டது என்று கேட்டால் தெரியாது, சும்மா ரொம்ப நாளாக இருக்கிறது என்கிறார்கள். ரொம்ப நாளாக. செத்தவனுக்கு அதுதான் பேரா?

எடுத்தேன். ஆமாம், கட்டைவிரலை எடுத்தேன், ஒரு மூச்சு நேரம், ரத்தம் பீய்ச்சி என் கோட்டில், கழுத்தில், வாயோரத்தில் உப்பாக... அவன் அதைப் பார்த்தான். கத்துவான் என்று நினைத்தேன், கத்தவில்லை, கையை இழுக்கவும் இல்லை, சுவர்ப் பக்கம் தலையைத் திருப்பிக்கொண்டான், எடுத்துக்கோ என்று கொடுக்கிற மாதிரி. மறுபடி அழுத்தினது என் விரல்தான், நான் இல்லை, வருஷக்கணக்காகப் பழகின விரல் தானாகப் போய் உட்கார்ந்துகொண்டது. வெளியே மில்லில் கம்பி உருளுகிற சத்தம், தரையே அதிர்கிறது. உன்னைத் தெரியும்க்கா, என்றான், மெதுவாக, அந்தோணி அக்காதானே, வந்தப்பவே தெரிஞ்சிகினேன். இன்னா வேணா பண்ணிக்கோ, கேஸு வாணாம்னு அன்னிக்கு சர்ச்சுல வச்சு பேசி முடிச்சிட்டாங்க, எங்காளுங்களும் கைகுலுக்கிகினாங்க, ஆனா எனக்கு முடியலக்கா. முடியலையா, உனக்கா? அந்தோணிக்கு நாலு விரல் எலும்பும் பொடியாகி, ஒட்டி, கோணிக்கொண்டு, கிடாரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டு வைப்பானே, அப்புறம் குடித்து, எளாவூர் செக்போஸ்ட் தாண்டி ஹைவேயில் லாரியில் அடிபட்டானே, தானாகப் போனானா, தடுக்கி விழுந்தானா, அதைக்கூட யாரும் எனக்குச் சொல்லவில்லை, தார் ரோட்டிலிருந்து அவனைச் சுரண்டித்தான் எடுத்தார்கள், இவனுக்கு முடியலையாம்.

வலது கையால் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான், விரலெல்லாம் ரத்தம், திரை வழுக்குகிறது, கன்னத்தில் துடைத்துத் துடைத்துத் தேடினான். எங்க தங்கச்சி ரிசப்ஷன் வீடியோக்கா, அந்த இடத்த மட்டும் வெட்டி வச்சிகினேன், உங்க ஊட்டுக்குக் குடுக்கணும்னு ரெண்டு வாட்டி தெருமுனை வரைக்கும் வந்தேன், பயம். அந்தோணி வாசித்தது என்று எங்கள் வீட்டில் ஒன்றுமே இல்லை, ஒரு போட்டோ உண்டு, சத்தம் இல்லை. வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் அது ஆரம்பித்துவிட்டது... அந்த முரட்டு மெட்டு, கல்யாண மண்டபங்களில் அடிக்கிறார்களே அது இல்லை, அது இதனுடைய எலும்பு, இதில் சதை இருந்தது, கிடார் கிழிகிற மாதிரி ஏறி, தொங்கி, திரும்ப ஏறி, கூட்டத்தில் யாரோ டான்ஸ் பாட்டு போடு என்று கத்துகிறார்கள், அது சின்னராசு குரல், நாற்காலி ஒன்று பறந்து மேடையில் விழுகிறது, அந்தோணி கண்ணை மூடியிருக்கிறான். நாங்கள் எல்லோரும் சொன்னது என்ன, பின்னாலிருந்து வந்தான், ஒரே அடி, தம்பிக்குத் தெரியவே தெரியாது. பொய். இவன் முன்னாலிருந்துதான் மேடை ஏறினான், பைப் தோளில் விழுந்தது, தம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்தான், கண்ணைத் திறந்து இவனைப் பார்த்தான், பார்த்தும் கிடார் நிற்கவில்லை, அந்த வரியை விட்ட இடத்திலிருந்து பிடித்து மேலே கொண்டுபோகிறான், கிடாரைப் போட்டுவிட்டு ஓட நேரம் இருந்தது, நிறைய நேரம் இருந்தது, வரி முடிகிற இடத்தில் ரெண்டாவது அடி, கிடாரின் கழுத்தைப் பிடித்திருந்த கைமேல், எலும்பும் தந்தியும் ஒன்றாக அறுந்த சத்தம்.

என்னைப் பாத்துக்கினே வாசிச்சான்க்கா, என்றான் சின்னராசு, அவன் பல் கிட்டியிருந்தது, அவன் நிறுத்தியிருந்தா நான் எறங்கிப் போயிருப்பேன், சத்தியமா, மொத அடியே போதும்னு இருந்தேன், ஆனா அவன் பாத்தான் பாரு, கோவமா இல்ல, பயமா இல்ல, இத கேட்டுட்டு அடினு சொல்ற மாதிரி, அதான் எனக்கு வெறி ஏறிடிச்சி. அப்புறம்? அப்புறம் தெனமும் கேக்குறேன், இன்னாத்துக்குன்னு தெரியல, அந்தக் கடைசி வரி மட்டும், எங்க ஊட்டுக்காரி இந்தப் போனையே ஒடைக்கப் போனா. நான் அவன் மணிக்கட்டை இறுக்கினேன், நகம் இறங்குகிற அளவுக்கு, வலிக்கட்டும் என்றுதான், அவனுக்கு வலித்தது, கத்தாமல் அந்த மெட்டை முனகினான், சரியாக, ஒரு இடம் பிசகாமல், அந்தோணி எங்கே மூச்சு விட்டானோ அங்கே விட்டு... கதவு திறந்தது, ஸ்ட்ரெச்சர், ஆட்கள், சிஸ்டர் கைய எடுங்க, நாங்க பாத்துக்கறோம், எடுத்தேன், அவர்கள் கட்டுப் போட்டு இறுக்கித் தூக்கினார்கள், போன் அவன் மார்பின்மேல் கிடந்தது, யாரோ எடுத்து அவன் பையில் போட்டுவிட்டார்கள், நான் கை நீட்டவில்லை, ஏன் நீட்டவில்லை? ஆம்புலன்ஸ் கேட்டைத் தாண்டித் திரும்புகிறது. பார்த்தும் ஏன் நிறுத்தவில்லை அந்தோணி, அந்த வரிக்கு அப்புறம் என்ன வைத்திருந்தாய், அப்பாவுக்குத் தெரியாது, பாஸ்டருக்குத் தெரியாது, கூடப் பிறந்த எனக்கே தெரியாது, அந்த வரியை என்னோடு உட்கார்ந்து கேட்க வேண்டுமானால் இந்த ஊரில் ஒருத்தன்தான் இருக்கிறான், அவன் பிழைக்கவேண்டும் என்று என் வாய் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை இப்போதுதான் கவனித்தேன்.