நான் காலே வைக்கல

பதினெட்டு வருஷமாக பஸ் ஓட்டுகிறவளிடம் வந்து, "பிரேக்குன்னு நெனச்சு ஆக்சிலேட்டர மிதிச்சுட்ட" என்று ஒருவர் சொன்னால் எப்படி இருக்கும்? அதுவும் சொன்னது கட்டின புருஷன். அதுவும் அக்கம்பக்கம் எல்லாம் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்கும்போது.

அது ஐம்பது வருஷத்துப் பழைய ஸ்போர்ட்ஸ் கார். பச்சை நிறம், இரண்டே பேர் உட்காரலாம். அவர் அதற்கு ராஜாத்தி என்று பெயர் வைத்திருந்தார். இருபத்திரண்டு வருஷக் குடித்தனத்தில் அவளை ஒரு நாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை, அது வேறு கதை. அவருக்கு முலாம் பூசும் பட்டறை. குழாய், கதவுக் கைப்பிடி, எது கைக்கு வந்தாலும் முகம் பார்க்கிற மாதிரி பளபளப்பாக்கித் தருவார். அடுத்த வாரம் பழைய கார் கண்காட்சி என்பதால், மூன்று மாதமாக ராஜாத்திக்குள் இருந்த ஒவ்வொரு கம்பியையும் கழற்றி முலாம் பூசி மாட்டிக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மத்தியானம், "ஒரு ரவுண்டு போய்ட்டு வா, எப்படி ஓடுதுன்னு பாப்போம்" என்று அவரேதான் சாவியைக் கொடுத்தார். திரும்பி வரும்போது வீட்டுக்கு முந்தைய இறக்கத்தில் அவள் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாள். பெடல் மேலே வரவில்லை. எஞ்சின் அலறியது. அவள் அலறவில்லை. கிளட்சை மிதித்தாள், சாவியைத் திருப்பி எஞ்சினை அணைத்தாள், பிரேக்கை அழுத்தினாள். கார் எதிர்வீட்டுப் பூந்தொட்டி ஒன்றைச் சாய்த்துவிட்டு நின்றது. பம்பரில் ஒரு நெளிசல், அவ்வளவுதான்.

ஓடி வந்த மனுஷன் முதலில் பம்பரைத்தான் தடவிப் பார்த்தார்.

"நான் காலே வைக்கல. பெடல் அதுவா மாட்டிக்கிச்சு" என்றாள்.

"சும்மா இரு. ஒவ்வொரு நட்டும் நான் மாட்டினது. அதெப்படி மாட்டிக்கும்?" என்றவர், தெருவுக்கே கேட்கிற மாதிரி அந்த பிரேக் கதையைச் சொன்னார்.

அதோடு விட்டாரா? சாயங்காலத்துக்குள் ஏழு பேருக்குப் போன் போட்டுச் சிரித்துச் சிரித்துச் சொல்லிவிட்டார். அவருடைய அக்கா, தம்பி, பழைய கார் நண்பர்கள் நாலு பேர், போதாக்குறைக்கு அவளுடைய சொந்தத் தம்பி. அந்தப் பயல் உடனே கூப்பிட்டு, "என்னக்கா, பிரேக் எந்தப் பக்கம்னு மறந்து போச்சா?" என்றான். "போன வைடா" என்று வைத்துவிட்டாள்.

கார் நண்பர்களில் ஒருவர் அவளுடைய டிப்போவில் டிக்கெட் பரிசோதகர். ஞாயிற்றுக்கிழமை காலையில் டிப்போ மேனேஜரிடமிருந்து போன் வந்தது.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. கண்ண டெஸ்ட் பண்ணி ஒரு சீட்டு கொண்டு வந்துடுங்க. அதுவரைக்கும் உங்க வண்டிய வேற ஆளு எடுக்கட்டும்."

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பதினெட்டு வருஷத்தில் அவள் பஸ்ஸில் ஒரு கீறல் உண்டா? அவள் வண்டியில் வேறு ஆளா?

விஷயத்தைச் சொன்னபோது அவர் பம்பரிலிருந்து தலையை நிமிர்த்தக்கூட இல்லை. "டெஸ்ட்தானே? பண்ணிட்டா போச்சு" என்றார்.

"எந்திரிங்க" என்றாள். "உள்ள ஏறி உட்காருங்க. ஆக்சிலேட்டர மிதிச்சு விடுங்க."

மிதித்து விட்டார். பெடல் சட்டென்று மேலே வந்தது. "பாத்தியா?" என்று அவருக்கு வாயெல்லாம் பல்.

"இப்ப ஸ்டார்ட் பண்ணி நியூட்ரல்ல விடுங்க. நேத்து எஞ்சின் கொதிச்சுக்கிட்டு இருந்துச்சு."

நாற்காலியைக் கொண்டுவந்து காருக்கு முன்னால் போட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். அரை மணி நேரம். அவர் முனகினார், கடிகாரத்தைப் பார்த்தார். அவள் அசையவில்லை.

"ம், இப்ப மிதிங்க. நல்லா. கால எடுங்க."

எடுத்தார். எஞ்சின் அடங்கவில்லை, வீடே அதிர வீறிட்டது. அவர் இரண்டு காலையும் சீட்டுக்கு மேல் தூக்கிக்கொண்டார்.

"ஏய்! நான் மிதிக்கல! நான் காலே வைக்கல!"

அவள் நிதானமாக எழுந்து வந்தாள். அவர் சொன்னது அவர் காதிலேயே நன்றாக விழட்டும் என்று ஒரு கணம் நின்றாள். பிறகு கையை விட்டுச் சாவியைத் திருப்பினாள்.

பானட்டைத் தூக்கிக் காட்டினாள். பெடலிலிருந்து எஞ்சினுக்குப் போகும் கம்பி, நடுவில் ஒரு தகட்டிலுள்ள ஓட்டை வழியாகப் போகிறது. கண்ணாடி மாதிரி மின்னிய அந்தக் கம்பியில், ஓட்டைக்குப் பக்கத்தில் மட்டும் சுற்றிலும் உரசிய தடம்.

"முலாம் பூசிப் பூசிக் கம்பி தடிச்சுப் போச்சு. ஓட்ட அதே ஓட்ட. சூடானா இறுகிக்காம என்ன பண்ணும்?"

அவர் தொட்டுப் பார்த்து விரலைச் சுட்டுக்கொண்டார். விரலை ஊதிக்கொண்டே தெருவை எட்டிப் பார்த்தார். அப்புறம் மெல்ல, "சரி விடு. வெளிய யார்கிட்டயும் சொல்லிடாத. பட்டறை பேரு கெட்டுடும்" என்றார்.

அடடா, என்ன ஒரு நியாயம்!

"உங்க பட்டறைக்கு மட்டும்தான் பேரு இருக்கா? என் பேர என்ன குப்பையிலயா பொறுக்கினேன்? ஊரெல்லாம் போன் போட்டு அத நாறடிச்சப்ப எங்க போச்சு இந்த அக்கறை?"

மேனேஜர் நம்பரைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டு, போனை அவர் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

"சார்... நேத்து நடந்ததுல என் பொண்டாட்டி மேல தப்பு இல்ல சார்."

"அப்ப ஆக்சிலேட்டர மிதிச்சது யாரு?"

"யாரும் மிதிக்கல சார். நான் பூசின முலாம் சார். கம்பி மாட்டிக்கிச்சு. அவ இல்லன்னா வண்டி எங்க போய் இடிச்சிருக்குமோ..."

மறுமுனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. "சீட்டெல்லாம் வேண்டாம். நாளைக்கு அவங்களையே வண்டிய எடுக்கச் சொல்லுங்க."

அவர் வியர்வையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகத் திரும்பினார். அவள் நாற்காலியை இழுத்து வழியில் போட்டு உட்கார்ந்தாள்.

"எங்க போறீங்க? இன்னும் ஏழு பேர் இருக்காங்க. மொதல்ல உங்க அக்கா."