பாதியில் நின்ற ஆறு பாட்டு

அன்று ராயபுரத்தில் ரஹீமின் பிரவுசிங் சென்டரில் இருந்தவர்கள்: கடைக்காரர் ரஹீம்; கேசட் கம்பெனியிலிருந்து வந்திருந்த ஜெயவேல்; தொண்டை ஆபரேஷனுக்குப் பிறகு வெறும் காற்றாகப் பேசும் கானா பாடகர் குணசேகரன்; அவர் மனைவி ரமாபாய்; ரமாபாயின் தம்பி செங்குட்டுவன். மூலைக் கேபினில் ஒருவர் ரயில் டிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தார். அவரால் இந்தக் கதைக்கு ஒன்றும் ஆகப்போவதில்லை.

செங்குட்டுவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். மற்றவர்கள் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். திருவொற்றியூர் கண்டெய்னர் யார்டில் இரவு ஷிப்டு முடித்து, முகம் மட்டும் கழுவிக்கொண்டு நேராக வந்திருந்தான். பாலிடெக்னிக்கை இரண்டாம் வருடத்தோடு விட்டவன். ஆனாலும் வீட்டில் கம்ப்யூட்டர் தெரிந்தவன் அவன்தான்.

ஜெயவேலின் கம்பெனி வடசென்னைக் கானாப் பாடகர்களை வைத்து ஒரு சிடி போடுகிறது. அதில் ஒரு பாட்டுக்கு இன்னும் இடம் இருந்தது. எப்போதோ ஒரு சாவு வீட்டில் கேட்ட குரலை மறக்காமல், விசாரித்துக்கொண்டு புளியந்தோப்புக்கு வந்தார் ஜெயவேல். வந்து பார்த்தால் ஆள் இருக்கிறார், குரல் இல்லை. ரமாபாய்தான் சொன்னாள்: ஆபரேஷனுக்கு முன்னால் பாடிப் பதிந்த ஆறு பாட்டு நெட்டில் பத்திரமாக இருக்கிறது, தம்பி ஏற்றி வைத்திருக்கிறான். ஒன்று முழுசாகக் கிடைத்தால் போதும் என்றார் ஜெயவேல். அட்டையில் குணசேகரன் பெயர் வரும். ஆனால் எல்லாம் இன்று சாயங்காலம் அச்சுக்குப் போகிறது.

இணையத்தில் இலவசமாக இடம் தரும் அந்தத் தளம் திறந்தது. ஆறு பாட்டின் பெயர்களும் வரிசையாக இருந்தன. செங்குட்டுவன் முதல் பாட்டை இறக்கினான். ஸ்பீக்கரில் டோலக் எழுந்தது. பின்னாலேயே குணசேகரனின் பழைய குரல், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. முதல் அடி முடிந்து இரண்டாவது அடியில், ஒரு சொல்லின் நடுவில் அறுந்து நின்றது.

"இன்னா ஆச்சு?" என்றாள் ரமாபாய்.

"பாதிதான் எறங்கிருக்கு போல. இன்னொரு தடவை போடு தம்பி" என்றார் ஜெயவேல்.

மறுபடி இறக்கினான். அதே சொல், அதே நடு. இரண்டாவது பாட்டு டோலக்கோடு நின்றது. மூன்றாவதும் பாதியில் செத்தது.

செங்குட்டுவனுக்குப் புரிந்துவிட்டது. இறங்குவதில் ஒரு கோளாறும் இல்லை. ஏற்றியதில்தான் கோளாறு. ஏற்றியவன் அவன்.

அதுவும் இதே கடையில்தான், இரண்டு வருடம் முன்னால். அப்போது டெலிபோன் லைனில்தான் நெட். பாட்டு நத்தை மாதிரி ஏறியது. ஷிப்டு முடித்து வந்த கண் சொக்கியது. முதல் பாட்டு பாதி ஏறியதும் நிறுத்தினான். பெயர் விழுந்துவிட்டதா என்று பார்த்தான். விழுந்திருந்தது. அரைகுறையாக ஏறியதையும் முழுப் பெயரோடு வைத்துக்கொள்ளும் தளம் அது. மீதி ஐந்தையும் அப்படியே கொஞ்சம் கொஞ்சம் ஏற்றி நிறுத்திவிட்டு, அடுத்த வாரம் வந்து முடிக்கலாம் என்று வீட்டுக்குப் போய்ப் படுத்தான். அடுத்த வாரம் வரவே இல்லை. மாமாவிடம் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருந்தது: "மொத்தமும் ஏத்திட்டேன் மாமா. இனிமே வூடே எரிஞ்சாலும் உன் பாட்டு போவாது."

அந்தச் சொல்லை நம்பித்தான் பாட்டு பதிந்திருந்த சிடி மழைத் தண்ணீரில் போனபோது யாரும் அலட்டிக்கொள்ளவில்லை. பாட்டைப் பதிந்த ஸ்டுடியோக்காரர் டிஸ்க்கில் இடமில்லை, அழிக்கட்டுமா என்று கேட்டபோது, "அழிச்சுக்கோ, நம்ம மச்சான் நெட்டுல வச்சிருக்கான்" என்று குணசேகரனே சொன்னார். அன்றைக்கு அவருக்குக் குரல் இருந்தது.

இதைச் சொல்ல இதுதான் நேரம் என்று செங்குட்டுவனுக்குத் தெரியும். சொல்லவில்லை. "லைன் வீக்கா கீது" என்றான்.

அதற்குப் பிறகு அவன் செய்ததெல்லாம் நாடகம். மோடத்தை அணைத்துப் போட்டான். கம்ப்யூட்டரை மாற்றி உட்கார்ந்தான். பிரவுசரில் பழைய குப்பையை அழித்தான். மேஜைக்கு அடியில் தலையை நுழைத்து, நன்றாக இருந்த ஒயரைப் பிடுங்கிச் செருகினான். அங்கே யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் வேண்டியதைவிடக் கொஞ்சம் நேரம் கூடவே இருந்தான்.

"பாரு, நைட்டு பூரா கண்ணு முழிச்சிட்டு வந்து மாமாவுக்காக எப்படி அல்லாடுறான்" என்று ஜெயவேலிடம் சொன்னாள் ரமாபாய். டீ வாங்கி வந்து அவன் கையில் கொடுத்தாள். குடிக்காமல் பிடித்துக்கொண்டிருந்தான்.

"பாய், உன் கடை நெட்டுக்கு இன்னா வியாதி? பாட்டைக் கடிச்சிக் கடிச்சித் துப்புது" என்றாள்.

"என் லைன் மேல பழி போடாதம்மா, காலையில இருந்து நல்லாத்தான் ஓடிகினு கீது" என்று ரஹீம் எழுந்து வந்தார். செங்குட்டுவன் தோளுக்கு மேலே குனிந்து திரையைப் பார்த்தார். "லைன் கோளாறுன்னா ஒருவாட்டி இங்க நிக்கும், ஒருவாட்டி அங்க நிக்கும். இது எத்தினி தபா எறக்குனாலும் அதே எடத்துலல்ல நிக்குது?"

பாட்டின் பெயருக்குப் பக்கத்தில் அளவு எழுதியிருந்தது. அதற்குப் பக்கத்தில் ஏற்றிய தேதி. ரஹீமின் விரல் அளவின் மேல் போய் நின்றது. ஒரு பாட்டுக்கு அது போதாது என்று பிரவுசிங் சென்டர் நடத்துகிறவருக்குத் தெரியாதா? விரலை எடுத்துவிட்டு செங்குட்டுவனைப் பார்த்தார். அவன் கீபோர்டைப் பார்த்தான்.

அப்போது குணசேகரன் அவன் தோளைத் தொட்டார். "மொதோ பாட்ட இன்னொருவாட்டி போடு" என்றார் காற்றாக.

போட்டான். டோலக், முதல் அடி, இரண்டாவது அடி. குரல் அறுந்த இடத்தில் குணசேகரன் நிறுத்தவில்லை. விரலால் நாற்காலி முதுகில் தாளம் தட்டிக்கொண்டே மீதியைப் பாடினார். உதடு முழு வேகத்தில் ஓடியது. வந்தது காற்று மட்டும்தான். செங்குட்டுவனின் பின்கழுத்தில் அது பட்டது. மூலைக் கேபின்காரர்கூடத் திரும்பிப் பார்த்தார்.

ஜெயவேல் கைக்கடிகாரத்தைப் பார்க்காமல் இருக்கப் பார்த்தார். முடியவில்லை. "வேற எங்கயாவது பதிவு இருக்கா அண்ணே? யாராவது செல்போன்ல பிடிச்சது? எதுவா இருந்தாலும் போதும்."

குணசேகரன் இல்லை என்று கையை விரித்தார்.

"பாய், உண்மையச் சொல்லு. உன் லைன்தான?" என்றாள் ரமாபாய். இப்போது குரலில் கேலி இல்லை.

ரஹீம் காற்றாகிப்போன அந்த மனிதரை ஒரு தடவை பார்த்தார். "ஆமாம்மா" என்றார். "நம்ம லைன்தான். மன்னிச்சுக்கோ."

"மன்னிச்சா ஆச்சா? ஒரு மனுஷனோட தொண்டைய முழுங்கிட்டியே! கடைன்னு போர்டு வேற!" பிறகு வாயில் வந்ததெல்லாம் திட்டினாள். ரஹீம் தலை குனிந்து வாங்கிக்கொண்டார். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லவில்லை. மூன்றடி தள்ளி உட்கார்ந்திருந்த செங்குட்டுவனும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

ஜெயவேல் குணசேகரனின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னார். பைக்கைக் கிளப்பிக்கொண்டு போனார். சாயங்காலத்துக்குள் பாட்டு வராவிட்டால் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விடும்.

வெளியே வரும்போது ரஹீம் செங்குட்டுவன் காதுப் பக்கம் வந்தார். "உனக்காகச் சொல்லல. அவரு உன்கூட ஒரே வூட்ல சோறு துன்னணும், அதுக்காகச் சொன்னேன்" என்றார். பிறகு கல்லாவுக்குப் போய் உட்கார்ந்துகொண்டார்.

ஷேர் ஆட்டோவில் புளியந்தோப்பு வரைக்கும் ரமாபாய் யோசித்துக்கொண்டே வந்தாள். ஹவுசிங் போர்டு மாடிப்படி ஏறும்போது முடிவுக்கு வந்துவிட்டாள். "டோலக் அடிச்ச வேம்பு எர்ணாவூர்லதான கீறான்? அவன்கிட்ட ஒரு காப்பி இருந்தாலும் இருக்கும். சாயங்காலத்துக்குள்ள போய்ப் பாத்துட்டு வந்துடுறோம்."

வேம்புவிடம் ஒன்றும் இல்லை. அப்போதே அவன் காப்பி கேட்டான். எல்லாம் நெட்டில் இருக்கிறது, வேண்டும்போது இறக்கிக்கொள் என்று சொல்லி அனுப்பியது செங்குட்டுவன்தான்.

"நானும் வர்றேன்க்கா."

"நீ எதுக்கு? ராத்திரி மறுபடி ஷிப்டு கீது உனக்கு. மூஞ்சியப் பாரு, செத்த பொணமாட்டம். உள்ள போ."

குணசேகரன் அவன் முதுகில் தட்டி உள்ளே அனுப்பினார். ரமாபாய் பாயை விரித்தாள். ஜன்னலைச் சாத்தினாள். சோற்றை மூடி வைத்துவிட்டு வாசலுக்குப் போனாள்.

"அக்கா" என்றான். "அந்தப் பாட்டு…"

"எல்லாம் கெடைக்கும், நீ தூங்கு. எவனும் வந்து தட்டித் தொல்லை பண்ணாம வெளிய பூட்டிக்கினு போறேன்."

கதவைச் சாத்தினாள். தாழ் விழுந்தது. பூட்டை இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, இருவரும் படியிறங்கினார்கள்.