அடுத்த குளிர்காலத்து விறகு

காற்று மேப்பிள் மரத்தை வேரோடு சாய்த்திருந்தது. கொட்டகைக் கூரைக்கு ஒரு முழம் தள்ளி விழுந்ததால் கூரை தப்பியது. கிளைகளைக் கழித்துவிட்டு, அடிமரத்தை எங்கள் அடுப்பின் நீளத்துக்குத் துண்டு போட ஆரம்பித்தேன். கை சொன்னபடி கேட்டது. என் மனைவி மாரென் இறந்து இது முதல் அக்டோபர். யோசிக்காமல் சரியாகச் செய்ய முடிகிற வேலை எனக்கு இது ஒன்றுதான்.

அவள் தம்பி வெண்டெல் வண்டியைப் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து, மரத்துக்கு அருகில் நிறுத்திப் பின்கதவைத் திறந்துவைத்தான்.

"பாதிய நான் ஏத்திக்கிறேன் மச்சான். மீதிய வீட்ட வாங்குறவன் எரிச்சுக்கட்டும்."

"வீட்ட யாரு விக்கிறா?"

"அம்மா புரோக்கர்கிட்ட பேசிட்டாங்க. நீ பர்லிங்டன்ல எங்க வீட்டுக்கே வந்துடுவன்னு நெனச்சுட்டு இருக்காங்க. மாடி ரூமுக்குப் பெயின்ட் கூட அடிச்சாச்சு. மஞ்சள்."

"மஞ்சளா?"

"நான் எதுவும் சொல்லல. எனக்கு அங்க சாப்பாடு வேணும்."

சங்கிலி ரம்பத்தை மறுபடி கிளப்பினேன். மரம் நின்றிருந்தால் இடுப்பளவு வந்திருக்கும் இடத்தில் சங்கிலி எதிலோ உரசிப் பொறி பறந்தது. நிறுத்தினேன். பல் மழுங்கிவிட்டது. அரத்தை எடுத்து ஒவ்வொரு பல்லாகத் தீட்டினேன். பிறகு அந்த இடத்தை விட்டு இருபுறமும் தள்ளி அறுத்து, துண்டை நிமிர்த்தி ஆப்பு இறக்கினேன். பிளந்தது. உள்ளே, பாகு காய்ச்ச மரத்திலிருந்து சாறு இறக்கும் இரும்பு மூக்கு ஒன்று. அதை மூடி மரம் நான்கு விரற்கடை வளர்ந்திருந்தது. மூக்கின் மேலும் கீழும் மரத்தில் கருநீலக் கறை ஓடியிருந்தது.

மார்ச்சில் மரங்களில் மூக்குகளை அடிப்பது மாரென்தான். பருவம் முடிந்ததும் பிடுங்குவதும் அவள்தான்.

"எங்க அக்கா வேலைதான்," என்றான் வெண்டெல். "எண்ணி அடிக்க மாட்டா. எண்ணிப் புடுங்கவும் மாட்டா. கேட்டா, மரமே துப்பிடும்பா."

சிரித்தான். பிறகு கையுறையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அடுத்த துண்டை நிமிர்த்தினேன்.

"மச்சான், இது பச்சை. இந்தக் குளிருக்குப் புகையத்தான் செய்யும். காய ஒரு வருஷமாவது வேணும்."

"தெரியும்."

"அப்ப யாருக்காகப் பொளக்குற?"

"எனக்கு."

கோடாலியை இறக்கினேன். ஒரே அடியில் இரண்டாக விழுந்தது. அவன் அதைப் பார்த்தபடி நின்றான்.

"அம்மாகிட்ட நான் என்ன சொல்றது?"

"கோடையில வர்றேன்னு சொல்லு. அந்த மஞ்சள் ரூம்ல ரெண்டு நாள் படுத்துக்கிறேன்."

"அவங்க திட்டுறத நான்ல கேக்கணும்."

"சாப்பாடு போடுவாங்கல்ல."

அவன் வண்டிக்குப் போய்ப் பின்கதவைச் சாத்தினான். வெறும் வண்டி. திரும்பி வந்து ஒரு கை விறகை அள்ளினான்.

"பட்டை மேலயா, கீழயா?"

"மேல. உங்க வீட்டுல அடுக்குற மாதிரி அடுக்காத."

"அக்காவும் கீழதான் வைப்பா."

"அதுக்குத்தான் வருஷா வருஷம் சண்டை."

இந்த வருடத்துக்கான காய்ந்த விறகு கொட்டகையின் முன்வரிசையில் கூரைவரை நின்றது. அதற்குப் பின்னால் வெறும் தரை. கறை பிடித்த துண்டை அங்கே முதலாவதாக வைத்தேன். மூக்கைப் பிடுங்கவில்லை. பட்டை கீழே இருந்தது. வெண்டெல் அதைப் பார்த்துவிட்டு, தன் கையிலிருந்த விறகைப் பக்கத்தில் அடுக்கினான்.

தூறல் பிடித்தது. கூரையின் இடுக்கு வழியே நீர் அந்தத் துண்டின் மேல் இறங்கி, இரும்பு மூக்கின் நுனியில் ஒரு சொட்டாகத் திரண்டு நின்றது.