இன்னொரு தடவை இறங்கு

அம்மாவுக்குத் தண்ணீர் என்றால் குலை நடுங்கும். தலையில் ஒரு சொம்பு ஊற்ற விடமாட்டாள். முகத்தை ஈரத் துண்டால் துடைத்துக்கொள்வதோடு சரி. படுக்கையில் கிடந்த ஏழு வருஷமும் அவளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் விட்டுக் குளிப்பாட்டியவள் கடைக்குட்டி மகள், தையல்காரி. கடைசி வாரத்தில் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தபோது அம்மா அவள் கையைப் பிடித்துக் கேட்டதும் அது ஒன்றைத்தான்.

"என் சாம்பலைக் கடல்ல மட்டும் போட விட்டுடாதடி. வீட்டுக்குப் பின்னாடி எலுமிச்சை மரத்தடியில போடு."

தையல்காரி சத்தியம் செய்து கொடுத்தாள். பாவம், சத்தியத்தைக் காப்பாற்ற வீட்டில் நம் பேச்சு எடுபட வேண்டும் என்பது அவளுக்கு அப்போது தோன்றவில்லை.

பெரியண்ணன் கடற்கரையில் மூன்று நாளைக்குப் பங்களா பிடித்துவிட்டான். குடும்பமே ஒன்றுகூட வேண்டுமாம். எல்லாருக்கும் ஒரே நீலத்தில் சட்டை வேண்டுமாம். பன்னிரண்டு சட்டையையும் இடுப்பொடியத் தைத்தவள் அவள்தான். அவளுக்குத் துணி மிஞ்சவில்லை. அதை யாரும் கேட்கவும் இல்லை.

கரைக்கு வந்த பிறகும் அவள் கெஞ்சிப் பார்த்தாள். "வேண்டாம்ணா. அம்மா பயப்படுவாங்க."

"செத்தவங்களுக்கு என்ன பயம்?" என்றான் பெரியண்ணன். "சரி, ஓட்டே போட்டுடலாம். கடல்னு சொல்றவங்க கை தூக்குங்க."

நீலச் சட்டைகள் அத்தனையும் கை தூக்கின. பொடிசுகள் இரண்டு கையையும் தூக்க, எல்லாரும் சிரித்தார்கள்.

"நீயே போடு. உன்னைத்தானே அம்மாவுக்குப் பிடிக்கும்" என்று அண்ணி சாம்பல் கலசத்தை அவள் கையில் திணித்தாள். என்ன ஒரு தாராள மனசு! "உன்னால முடியலைன்னா சொல்லு, உங்கண்ணன் வீசிட்டு வந்துடுவாரு."

வீசிவிட்டு வருவதா? தையல்காரி முழங்கால் தண்ணீரில் இறங்கினாள். அம்மாவைக் குளிப்பாட்டுவதைப் போலவே, குனிந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்த்தாள். "பயப்படாதம்மா, நான் இருக்கேன்" என்று சொல்லி முடிப்பதற்குள் ஒரு அலை வந்து மொத்தத்தையும் வாரிக்கொண்டு போனது. அவள் ஓவென்று அழுதாள். வயிறு எக்கி எக்கி, வெட்கமில்லாமல் அழுதாள்.

கரையில் செல்போனை நீட்டிக்கொண்டிருந்த சின்னண்ணன் தலையில் அடித்துக்கொண்டான். "ஐயையோ, பட்டனை அமுக்கவே இல்லைண்ணா!"

"அறிவிருக்காடா? வர முடியாதவங்க எல்லாம் வாட்ஸ்அப் குரூப்ல காத்துக்கிட்டு இருக்காங்க."

அண்ணிதான் கெட்டிக்காரி. கலசத்தை வாங்கி, காய்ந்த மணலாகப் பார்த்து அள்ளிப் போட்டு, திருப்பிக் கொடுத்தாள்.

"இன்னொரு தடவை இறங்கு."

தையல்காரிக்கு மறுக்கக்கூடத் தெம்பில்லை. இறங்கினாள். மணலைக் கொட்டினாள்.

"கொஞ்சம் அழேன்!" என்று கரையிலிருந்து பெரியண்ணன் கத்தினான்.

வந்தால்தானே அழுவதற்கு? கலசத்தைக் கவிழ்த்துப் பிடித்தபடி மரம் மாதிரி நின்றாள்.

சாயங்காலம் பங்களா வராந்தாவில் எல்லாரும் காப்பியோடு உட்கார்ந்திருக்க, அவள் குரூப்பைத் திறந்து பார்த்தாள். அந்த வீடியோவின் கீழே அம்மாவின் அக்கா எழுதியிருந்தாள்: "பெத்தவ போறா, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்ல. ஏழு வருஷம் பாத்துக்கிட்ட லட்சணம் இதுதானா?"

அதற்குப் பதினேழு பேர் கட்டைவிரலைத் தூக்கியிருந்தார்கள். முதல் விரல் பெரியண்ணனுடையது.